வெள்ளிமலைக்கு ஒரு வண்டி

என் தங்கைக்கு இருபத்து மூன்று வயது நடந்தபோது, அவளை ஒரு மலைக்கு அழைத்துப்போவது என்று எங்கள் வீட்டில் முடிவானது. அதற்கு முன் அவள் நெய்வேலியை விட்டு வெளியே போனது மொத்தம் நான்கு முறை. நான்கும் ஆஸ்பத்திரிக்குத்தான். கடைசியாகச் சென்னைக்குப் போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்போது அம்மாவால் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார முடிந்தது.

பிறக்கும்போதே மூச்சுத் திணறிப் பிறந்தவள். தலை நிற்கவில்லை, உட்காரவில்லை, நடக்கவில்லை. கை கால்கள் எந்நேரமும் முறுக்கிக்கொண்டு கிடக்கும். பேச்சு என்று பார்த்தால் 'ம்மா', 'ண்ணா', 'ப்பா', அப்புறம் பிடிக்காததற்கெல்லாம் நீளமாக ஒரு 'ஊ'. ஆனால் எல்லாம் புரியும். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்தும் சத்தத்துக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். இரண்டு இட்லியைக் குழைத்து ஊட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இதையெல்லாம் அம்மாதான் செய்தாள். நாங்கள் செய்ய வந்தாலும் அவளுக்குத் திருப்தி வராது.

அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர். பர்மனென்ட். நான் டிப்ளமோ முடித்துவிட்டு, அதே மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராக இருந்தேன். அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் ஒரு வருஷத்தில் வரவிருந்தது. அது வந்துவிட்டால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும்.

நெய்வேலி வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வந்து ஒரு மணி நேரம் நின்றாலே தெரிந்துகொள்வார்கள். எங்களுக்கு அது பழக்கம். தங்கைக்குப் பழகவேயில்லை. உடம்பு சதா இறுகிக்கொண்டிருப்பதால் ஓடுகிறவர்களைப் போல வேர்க்கும். கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் வேர்க்குரு வெடித்துப் புண்ணாகும். சித்திரை வைகாசியில் அம்மா ஒரு கையில் ஈரத்துணியும் ஒரு கையில் விசிறியுமாகத்தான் இருப்பாள். அந்த மாதிரி ஒரு மத்தியானத்தில், கரண்ட் போயிருந்த நேரத்தில் அம்மா சொன்னாள்:

"ஒரே ஒரு நாளு இவ வேர்க்காம படுத்துகினு இருக்கறத நான் பாக்கணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

அவள் யாரிடமும் எதுவும் கேட்கிறவள் அல்ல. அதனால் அந்த வார்த்தை அப்பாவுக்கும் எனக்கும் உறைத்தது.

அந்த வருஷம்தான் நான் டச் போன் வாங்கியிருந்தேன். வெளிநாட்டில் ஒரு குடும்பம் பெரிய வண்டி ஒன்றிலேயே சமைத்து, தூங்கி, குளித்து, ஊர் ஊராகப் போகும் வீடியோ ஒன்றைப் பார்த்தேன். வண்டிக்குள் கட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தங்கைதான் ஞாபகத்துக்கு வந்தாள். அவளால் பஸ்ஸில் உட்கார முடியாது, காரிலும் முடியாது. படுத்துக்கொண்டே போக முடிந்தால் அவளும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் இல்லையா? அப்பாவிடம் காட்டினேன்.

"இதுக்கு அங்க ஆர்.வி.ன்னு பேருப்பா."

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். "வண்டிக்குள்ளயே கக்கூஸா?" என்றார் சிரித்துக்கொண்டே. பிறகு போனைத் தங்கையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். முடிந்ததும் 'ண்ணா' என்றாள். திரும்பப் போடு என்று அர்த்தம். அன்றைக்கு ஏழு தடவை போட்டேன்.

எங்கே போவது என்பதில்தான் பேச்சு நீண்டது. நான் ஊட்டி என்றேன். அம்மா ஒரேயடியாக மறுத்தாள்.

"ஊட்டி வேணாம். அங்க எந்நேரமும் கூட்டம். போறவன் வரவன்லாம் திரும்பித் திரும்பிப் பாப்பான். ஜனம் கம்மியா இருக்கற மலையாப் பாரு."

அப்பாதான் வெள்ளிமலையைச் சொன்னார். கல்வராயன் மலையில் இருக்கும் சின்ன ஊர். கூட வேலை பார்த்தவர் ஒருவரின் வீட்டுக் கல்யாணத்துக்காக அப்பா ஒரு தடவை போயிருக்கிறார். "ஒரு கடத்தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு, அவ்ளோதான். வைகாசி மாசத்துலயே போத்திகினு படுத்தோம்" என்றார். அம்மா உடனே சரி என்றாள்.

வண்டி கிடைத்தது ஓர் அதிர்ஷ்டம் போலத்தான். முத்தாண்டிக்குப்பத்துக்காரர் ஒருவர் முன்பு அப்பாவின் பிரிவில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். வேலை போன பிறகு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு, பழைய வேன் ஒன்றை வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அவரை வேன்காரர் என்றுதான் சொல்வோம். அப்பா விஷயத்தைச் சொன்னதும், "காலாண்டு லீவுல வண்டி சும்மாதாண்ணே நிக்கும். சீட்டெல்லாம் கழட்டிடலாம். நானே ஓட்டிகினு வரேன்" என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் அப்பாவை வேறு ஆளாகப் பார்த்தேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வண்டியின் உள்பக்கத்தைப் படமாக வரைந்தார். தங்கையைத் தலையிலிருந்து குதிகால் வரை டேப் வைத்து அளந்தார். அவள் கால்கள் மடங்கியே இருப்பதால், நீளத்தைவிட அகலம்தான் அதிகம் வேண்டும் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தரையில் போல்ட் போட்டு முடுக்க இரண்டு இரும்பு ஆங்கிளும் அவற்றின்மேல் பலகையும் செய்தார். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் உருண்டுவிடாமல் இருக்க இருபுறமும் பஞ்சு வைத்துத் தைத்த தடுப்பு. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய பெல்ட்டுகளை வடலூரில் ஒரு கடையில் தேடி வாங்கி வந்தோம். சின்ன சிலிண்டர் அடுப்பு, தண்ணீர் கேன், மிதித்து ஏறினால் நகராத ஸ்டூல் ஒன்று.

எல்லாம் வரைந்த தாளை அம்மாவிடம் காட்டினார். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு எங்க?" என்றாள்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"நீங்க ரெண்டு ஆம்பளைங்களும் எங்கனா ஓரமா நின்னுக்குவீங்க. நான் எங்க போறது? ஆஸ்பத்திரிக்குப் போன நாலு தபாவும் நான் முந்தின நாளே தண்ணி குடிக்கறத நிறுத்திட்டேன். தெரியுமா?"

தெரியாது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் வண்டியின் பின்மூலையில் திரை போட்டு, மூடியுள்ள வாளியோடு ஒரு சின்ன இடம் வரைந்து சேர்த்தார். அம்மா அந்தத் தாளை மடித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

புரட்டாசி பிறந்த சமயம், காலாண்டு லீவு தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று வடலூர் வரை போனோம். நானும் அப்பாவும் தங்கையைப் பெட்ஷீட்டோடு தூக்கி வண்டிக்குள் கிடத்தினோம். பெல்ட்டைப் போட்டதும் அவள் முகம் பயத்தில் இறுகியது. வண்டி கிளம்பி, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கைத் தாண்டி, இரண்டு பக்கமும் மரம் நிற்கும் பெரிய ரோட்டுக்கு வந்ததும் கண்ணை அகலத் திறந்தாள். படுத்தபடியே பார்ப்பதால் அவளுக்கு ரோடு தெரியாது, மரக்கிளைகள்தான் தெரியும். கிளைகள் அவள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டேயிருந்தன.

முதல் ஸ்பீடு பிரேக்கரில் வண்டி ஏறி இறங்கியது. அப்பா பதறிப்போய் அவள் தலைக்குக் கீழே கையைக் கொடுத்தார். அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்துக் கேட்டதில்லை. வேன்காரர் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏற்றினார். மறுபடி சிரிப்பு.

"மெல்லப் போப்பா, எலும்புகிலும்பு ஒடிஞ்சிடப் போவுது" என்று அம்மா கத்தினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் கத்தினாள்.

வடலூரில் சத்திய ஞான சபைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். அப்பா வண்டிக்குள் அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டார். அம்மாவை எழுந்திருக்கவே விடவில்லை. அம்மா கால்களை நீட்டிக்கொண்டு, தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த டீயைக் குடித்தாள். "சக்கரதான் கொஞ்சம் தூக்கல்" என்றாள். அதற்குள் சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஜன்னலில் முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அம்மா சட்டென்று திரையை இழுத்தாள். தங்கை 'ஊ' என்றாள்.

"என்னாடி? தொறக்கணுமா?"

தங்கை ஜன்னலையே பார்த்தாள். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுத் திரையை விலக்கினாள். பிள்ளைகளும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் கையாட்டியது. அவ்வளவுதான் அந்தப் பயணம். போக வர இரண்டரை மணி நேரம்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் வெள்ளிமலைக்குக் கிளம்புவது, ஞாயிறு இரவுக்குள் திரும்புவது என்று முடிவு செய்தோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிடும், வேனுக்குச் சீட்டுகளை மாட்ட வேண்டும். அதனால் அந்த இரண்டு நாளைத் தவிர வேறு நாள் கிடையாது. அப்பா லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். அம்மா தினமும் தங்கையிடம், "இன்னும் நாலு நாளு, இன்னும் மூணு நாளு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயது இருபத்தொன்பது. அதற்கு முன்னால் இரண்டு இடங்கள் கூடி வந்து, தங்கையின் நிலைமை தெரிந்ததும் நின்றுபோயிருந்தன. யாரும் வாய்விட்டு அதைக் காரணமாகச் சொல்லவில்லை. ஜாதகம் சரியில்லை என்றார்கள். மூன்றாவதாகப் பண்ருட்டிப் பக்கம் ஒரு இடம் வந்தது. நாங்கள் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. தரகரிடம் நான் தனியாக, "தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

புதன்கிழமை தரகர் போன் பண்ணினார். பெண் வீட்டார் வரும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள்.

வேறு நாளில் வரச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. தள்ளிப்போட்டால் கைநழுவிவிடுமோ என்று பயந்தேன். ஏன் தள்ளிப்போடுகிறீர்கள் என்று கேட்டால் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்பது அதைவிடப் பெரிய பயம். வீட்டுக்கு வந்து தரகர் சொன்னதைச் சொல்லிவிட்டு, "மலை எங்க ஓடிடப் போவுது? அரையாண்டு லீவுல போவலாம். அப்ப இன்னும் குளுகுளுன்னு இருக்கும்" என்றேன்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தங்கைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வாரி முடித்து, சீப்பைத் துடைத்து வைத்தாள்.

"சரி. அவனுக்கும் வயசாவுது" என்றாள்.

தங்கையிடம் யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. பலகையை இறக்கிவிட்டுச் சீட்டுகளை மாட்டுவதற்காக வேன்காரர் கொண்டுவந்திருந்தார். அந்த எஞ்சின் சத்தம் அவளுக்கு ஒரே தடவையில் மனப்பாடமாகியிருந்தது. உடம்பெல்லாம் துள்ள 'ண்ணா, ண்ணா' என்று கூப்பிட்டாள். நான் வாசலில் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போகவில்லை. பலகையை நாங்கள் பின்பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துவைத்தோம். வேன் கிளம்பிப் போனது. சத்தம் தேய்ந்து அடங்கியபோது அவளும் அடங்கிவிட்டாள். அம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "செவுத்துப் பக்கம் மொகத்தத் திருப்பிகினா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பெண்ணின் அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன் நான் உள் அறைக் கதவைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். வந்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த ஷிப்ட், கான்ட்ராக்ட் பர்மனென்ட் ஆகுமா, குவார்ட்டர்ஸ் எப்போது காலி பண்ண வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அப்போது உள்ளேயிருந்து 'ண்ணா' என்று கேட்டது.

பெண்ணின் அம்மா திரும்பிப் பார்த்தார். "உள்ள யாருங்க?"

"பக்கத்து வூடுங்க. ரெண்டு வூட்டுக்கும் செவுரு ஒண்ணுதான். சத்தம் கேக்கும்" என்றேன்.

அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேசரித் தட்டோடு சமையலறை வாசலில் நின்றாள். தட்டை டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தாள். "என் பொண்ணுங்க" என்றாள். போய்க் கதவைத் திறந்தாள்.

பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போனார். நான் இடத்தைவிட்டு அசையவில்லை. இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "கழுத்துக்கு இன்னொரு துணி மடிச்சு வைக்கலாங்க, எச்சி தொண்டைக்குள்ள போவாம இருக்கும். எங்க சின்ன மாமியா மூணு வருஷம் படுக்கையில கெடந்தாங்க. நான்தான் பாத்துகினேன்." பிறகு தங்கையிடம், "என்னா கண்ணு, அண்ணனுக்குப் பொண்ணு குடுக்கலாமா?" என்று கேட்டார். தங்கை என்ன செய்தாள் என்று தெரியாது. இரண்டு அம்மாக்களும் சிரிப்பது மட்டும் கேட்டது.

கிளம்பும்போது அம்மா பேச்சுவாக்கில் அன்றைக்கு மலைக்குப் போவதாக இருந்ததைச் சொல்லிவிட்டாள். பெண்ணின் அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"அய்யோ, போன்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க அடுத்த வாரம் வந்திருப்பமே. எங்களுக்கு என்னா அவசரம்?"

நான் வாசல் கேட்டைத் திறந்துவிட்டேன்.

சம்பந்தம் உறுதியாயிற்று. அந்தப் பெண் என்னோடு போனில் பேசத் தொடங்கிய பிறகு, என்னைப் பற்றிக் கேட்டதைவிடத் தங்கையைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம். கம்பளிக் குல்லா ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தாள், ரோஸ் கலரில். ஐப்பசி மாதப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு தங்கை கழற்ற விடமாட்டேன் என்று 'ஊ' போட்டாள். அரையாண்டு லீவுக்கு நாள் குறித்தாயிற்று. வேன்காரர் இந்தத் தடவை நான்கு நாள் தருவதாகச் சொன்னார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் கடலூர் ஜில்லாவில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம் ஏறியது. தங்கைக்கு முதலில் சளி. பிறகு ஊட்டிய சாப்பாடு நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர்கள் அவர்களால் ஆனதைச் செய்தார்கள், குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஒன்பது நாள் இருந்தாள். கடைசி நாள் நான் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருந்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அப்பா போன் பண்ணினார். "நீ வா" என்றார். அம்மா துணி அலசிக்கொண்டு வரப் போயிருந்த பத்து நிமிஷத்தில் நடந்திருக்கிறது. இருபத்து மூன்று வருஷமும் பக்கத்திலேயே இருந்தவள், அந்தப் பத்து நிமிஷம் இல்லை.

காரியமெல்லாம் முடிந்தது. அரையாண்டு லீவு விட்ட முதல் நாள் காலையில் வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டது. அம்மா சமையலறையிலிருந்து வேகமாக வந்து, நடு அறையில் அப்படியே நின்றாள். வேன்காரர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நாலு நாளும் வேற யாருக்கும் ஒத்துக்கலண்ணே. கேட்டாங்க. எப்படி ஒத்துக்கறதுன்னு தெரியல. வூட்டுல இருக்க முடியல, வந்துட்டேன்."

அப்பா அவருடைய தோளில் கை வைத்தார். டீ கொடுத்தோம், குடிக்காமல் எழுந்து போனார்.

அதன்பின் அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து உள் அறை வரை போவாள், திரும்பி வருவாள். பிளாக்கில் இருந்த பெண்கள் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இனிமே கோயில் குளம்னு நீங்களும் நாலு எடம் போய்ட்டு வரலாம்" என்று சொன்னார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மா பக்கத்துத் தெருக் கடைக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. அப்பா ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வடலூரில் வாடகைக்கு வந்தோம். என் மனைவி வந்த மூன்றாம் மாதமே கேட்டாள்: "அத்த, ஒரு நாளு வெள்ளிமலைக்குப் போய்ட்டு வரலாங்களா?" அம்மா, "அங்க போயி நான் என்னா பண்றது?" என்றாள். என் மனைவி விடவில்லை. அதற்காக வற்புறுத்தவும் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை சாதாரணமாகக் கேட்பாள். ஒரு வருஷம் கழித்து ஒரு நாள், அரிசி களைந்துகொண்டே, "சரி, போவலாம்" என்றாள் அம்மா.

அப்பா வரவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க. எனக்கு முடியாது" என்றார்.

வடலூரில் காலை ஆறு மணி பஸ். விருத்தாசலத்தில் ஒன்று மாறினோம், கள்ளக்குறிச்சியில் ஒன்று மாறினோம். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது என் மனைவிக்கு வாந்தி வந்தது. அம்மா அவள் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, ஜன்னல் வழியாக மேலே கிளைகளைப் பார்த்தபடி வந்தாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெள்ளிமலையில் இறங்கிவிட்டோம். அம்மா பஸ் ஸ்டாண்டில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"இவ்ளோ கிட்டயா இருந்துச்சு?" என்றாள்.

அப்பா சொன்ன மாதிரிதான் இருந்தது. ஒரு கடைத்தெரு, ரேஷன் கடை, நாலைந்து பைக்குகள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மேகம் கடைகளின் கூரைவரை இறங்கியிருந்தது. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் மனைவி திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவரப் போனாள். நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நான்தாம்மா தள்ளிப்போட்டேன்."

அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாடா, நீதான் தள்ளிப்போட்ட. இல்லன்னு சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும். எனக்குப் பொய் சொல்ல வரல." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா நானும் சரின்னுதான சொன்னேன். ஒரு வாரம் பொறுத்து வரச் சொல்லுடான்னு நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் அன்னைக்கு ஒன் கல்யாணந்தான் பெருசாத் தெரிஞ்சுது. அவகிட்ட நாளு எண்ணிச் சொன்னவளே நான்தான்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. எழுந்து போய்க் கடைக்கார அம்மாவிடம் பெண்கள் போக இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு, பின்பக்கமாகப் போனாள்.

அருவி இருக்கிறது, பார்த்துவிட்டு ராத்திரி தங்கிக் காலையில் போகலாம் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அம்மாவுக்கு மனம் இல்லை. இரண்டு மணி பஸ்ஸுக்கே ஏறினோம். இறக்கத்தில் அம்மா என் மனைவியின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வடலூரில் இறங்கும்போது ஏழரை மணி. பஸ் ஸ்டாண்டில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எத்தனை பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நின்றாரோ தெரியாது. அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அவர்கள் இருவரும் முன்னால் நடந்தார்கள். நானும் மனைவியும் பின்னால் வந்தோம்.

"ரோடு எப்படி இருக்குது?" என்று அப்பா கேட்டார்.

"நல்லாத்தான் போட்டிருக்கான்."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் அப்பா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த வளைவெல்லாம்... அவ தாங்கியிருப்பாளா?"

அம்மா நடையை நிறுத்தவில்லை.

"தாங்கியிருப்பா" என்றாள்.

அப்பா வீடு வரும்வரை பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே நடந்தார்.